லைன்ல ஏறிருச்சுங்க

பழைய கம்பெனிக்காரங்க எல்லாருஞ் சேந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வெச்சிருக்காங்க. போன வாரம் அதுல ஒரு செய்தி. எங்க பழைய புரொடக்‌ஷன் மேனேஜருக்கு அறுவதாங் கல்யாணம். அதுக்கு வாழ்த்து மலர்னு ஒரு புஸ்தகம் போடறாங்களாம். அவரோட வேலை பாத்தவங்க ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரோணுமாம். "அக்கா, நீங்க எட்டு வருசம் அவருகிட்ட லைன் சூப்பர்வைசரா இருந்தீங்க, நல்லதா நாலு வார்த்த எழுதுங்க"ன்னு எனக்குத் தனியா வேற ஒரு மெசேஜ். கூடவே ரெண்டு கும்பிடு, ஒரு ரோசாப்பூ.

நல்லதா நாலு வார்த்தையா! எழுதறேன் சாமி. நல்லது நெறையவே இருக்குது, அதையும் சேத்துத்தான் எழுதறேன். எனக்கு வயித்தெரிச்சலே அதுதான். முழுக்கக் கெட்ட மனுசனா இருந்திருந்தா அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேட்டுட்டு வந்திருப்பேன்.

ஆளு ஒல்லி. சட்டைப் பையில ஒரு போன், கையில ஒண்ணு. நடந்து நான் பாத்ததில்ல, எப்பவும் அரை ஓட்டந்தான். ஒரு போனத் தோளுக்கும் காதுக்கும் நடுவால இடுக்கிட்டுப் பேசுவாரு, இன்னொண்ணுல பெருவெரல்ல டைப் அடிப்பாரு, மிச்சம் இருக்கற கையில நம்ம மேசை மேல கெடக்கற பனியனத் திருப்பிப் பாத்துட்டு, "இந்தத் தோள் கொஞ்சம் இழுக்குது அம்மிணி"ம்பாரு. சொன்னது சரியாத்தான் இருக்கும். அவரு மேசை மேல எப்பப் போனாலும் நாலு டம்ளர் டீ நிக்கும். நாலும் அவருக்கு வாங்குனதுதான். ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய் குடிச்சிருப்பாரு. மத்தியானம் ஒரு மணிக்குத் தெறக்கற டிபன் பாக்ஸ மூடறதுக்கு நாலு மணி ஆகும், அப்பவும் தயிர்ச்சோறு மிச்சம் கெடக்கும்.

"அவரு ஒரு ஆளில்லீங்க, பத்து ஆளு"ன்னு மொதலாளி வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு. நாங்களும் வாயப் பொளந்துட்டுத்தான் பாத்தோம். நம்ம ஊருல ஒருத்தன் அமைதியா ஒக்காந்து ஒரு வேலைய முடிச்சா அவன யாரு கண்டுக்கறாங்க? வேர்த்து விறுவிறுத்து ஓடிட்டே இருக்கறவனத்தான் வேலைக்காரன்னு சொல்லுவோம். அந்த ஓட்டத்துல என்ன முடிஞ்சுதுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். நானும் மொத ரெண்டு வருசம் கேக்கலியே.

அவருக்குன்னு ஒரு பேச்சு உண்டு. "எல்லாத்தையும் அடுப்புல ஏத்தி வெச்சரோணும் அம்மிணி. எது மொதல்ல வேகுதோ அத மொதல்ல எறக்கிக்கலாம்." ஒரு தடவ நான், "அடுப்பு ஒண்ணுதானுங்களேண்ணா"ன்னேன். மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிச்சுட்டே என்ற கையில ஒரு போனக் குடுத்து, "இத சித்த புடி, லைன்ல ஆள் இருக்காங்க"ன்னுட்டு இன்னொரு போன எடுத்துட்டாரு.

வெளியாளுக்குப் புரியறாப்ல சொல்லீர்றேன். பனியன் கம்பெனில ஒரு லைன்னா நாப்பது மெஷின் வரிசையா இருக்கும். ஒருத்தங்க தோள் மூட்டுவாங்க, ஒருத்தங்க கழுத்துப் பட்டி, ஒருத்தங்க கை, ஒருத்தங்க அடி மடிப்பு. இந்த முனையில வெட்டுன துண்டா ஏறுறது அந்த முனையில பனியனா எறங்கும். ஒரு மாடல் ஓடிட்டு இருக்கறப்ப அத நிறுத்தி இன்னொரு மாடல ஏத்தறதுன்னா லேசுப்பட்ட காரியம் இல்லீங்க. எல்லா மெஷின்லயும் நூல் கோன் மாத்தோணும். கழுத்து அடிக்கற பிளாட்லாக் மெஷினுக்கு மட்டும் அரை மணி நேரம் போயிரும். மெக்கானிக் வரோணும், தையல் இழுக்குதான்னு பாக்கோணும், வேஸ்ட் துண்டுல நாலு தடவ அடிச்சுப் பாக்கோணும். அப்பறமும் மொத இருவது பீசுக்குக் கை பழகாது. கை பழகி வேகம் எடுக்கறப்பத்தான் ஐயா ஓடி வருவாரு, "அத நிறுத்து, இத ஏத்து"ன்னு.

எதுக்கு? வெளிநாட்டுக்காரனுக்கு வாங்கிக் குடுக்கற ஆபீஸ்ல இருந்து போன் வந்திருக்கும். "எங்க ஆர்டர் என்னாச்சு?" இவரு டக்குன்னு, "லைன்ல ஏறிருச்சுங்க"ம்பாரு. அங்கதான் ஒரு விசேஷம். மனுசன் பொய் சொல்ல மாட்டாரு. நெஞ்சத் தொட்டுச் சொல்றேன், பொய் சொல்றது அவருக்கு ஆகவே ஆகாது. அதனால வாயில சொன்னத உண்மையாக்கறதுக்கோசரம், போனக் காதுல வெச்சுட்டே லைனுக்கு ஓடி வருவாரு. இருவது பீஸ் கட்டு ஒண்ண மொத மெஷின்ல ஏத்தச் சொல்லுவாரு. ஊசி அதுல எறங்குனதும் வீடியோ எடுத்து அனுப்பீருவாரு. அவ்வளவுதான், அந்த ஆபீஸ்காரன் அன்னைக்கு நிம்மதியா ஊட்டுக்குப் போவான். நான் அதுக்கு 'மொகங்காட்டற கட்டு'ன்னு பேர் வெச்சிருந்தேன்.

வீடியோ போனதுக்கப்பறம் அந்தக் கட்ட யாரும் சீந்த மாட்டாங்க. தோள் மட்டும் மூட்டி மெஷினுக்கு அடியில கெடக்கும். அடுத்த போன், அடுத்த கட்டு. பொழுதோட பாத்தா ஒவ்வொரு மெஷினுக்கு அடியிலயும் மூணு நெறத்துல, நாலு நெறத்துல கட்டுக் கட்டாக் கெடக்குது. காலு வைக்க எடமில்ல. ஆனா பேக்கிங் டேபிள் காலியா இருக்குது. அயர்ன் பண்ற பசங்க ஒக்காந்து போன் பாத்துட்டு இருக்கானுக. லைன் பூரா வேலை, வெளிய வர்றது ஒண்ணுமில்ல. கேட்டா, "பத்து மாடல் ஓடிட்டு இருக்குது அம்மிணி, சும்மாவா?"ம்பாரு. ஓடுச்சு, ஓடுச்சு, நாய் வாலத் தொரத்திட்டு ஓடுறாப்ல ஓடுச்சு.

ஆனா தங்கமான மனசு. ஒரு தடவ எனக்குக் காய்ச்சல்ல லைன்லயே கண்ணக் கட்டிருச்சு. வேற மேனேஜரா இருந்தா "ஊட்டுக்குப் போ"ன்னு சொல்லியிருப்பாங்க. இவரு அவரோட ஸ்கூட்டர்லயே என்னய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. போற வழில மங்கலம் ரோட்டுல ஒரு பிரிண்டிங் பட்டறை. "ரெண்டே நிமிசம் கண்ணு, ஒரு கலர் மட்டும் பாத்துட்டு வந்தர்றேன்"னு உள்ள போனாரு. முக்கா மணி நேரம் நான் அந்தப் பட்டறைப் படிக்கட்டுல ஒக்காந்திருந்தேன், மை நாத்தத்துல வாந்தி எடுத்துட்டு. வெளிய வர்றப்ப கையில எனக்கு எளநி. "பாவம், மொகமே வாடிருச்சே"ன்னு அவரு கண்ணுல தண்ணி. அந்த எளநியக் குடிச்சுட்டு அவரத் திட்ட முடியுங்களா? இப்படித்தான் எட்டு வருசமும் எங்க வாய அடைச்சாரு.

நெருப்பெரிச்சல்ங்கற ஊருப் பக்கம் எடம் வாங்கி ஊடு கட்டுனாரு. ஒரு ஞாயித்துக்கெழம நாங்க நாலஞ்சு பேரு பாக்கப் போனோம். கீழ பூச்சு வேலை பாதி, மேல செவுரு பாதி. குளிக்கற ரூமுக்கு டைல்ஸ் ஒட்டியாச்சு, கதவு இல்ல. சமையல் ரூம்ல மேடை போட்டாச்சு, தண்ணிக் கொழாய் இன்னும் வரல. முன்னால கேட்டு மட்டும் பெயிண்ட் அடிச்சுப் பளபளன்னு நிக்குது. அவரு சம்சாரம் எங்களுக்குக் காப்பி கொண்டாந்து குடுத்துட்டு, "மூணு வருசமா எல்லா வேலையும் நடந்துட்டேதானுங்க இருக்குது. ஏனுங்க, உங்க அண்ணன் கம்பெனிலயும் இப்படித்தானுங்களா?"ன்னு கேட்டாங்க. நாங்க எல்லாம் கெக்கபிக்கன்னு சிரிச்சோம். அந்த அம்மா சிரிக்கல.

சரி, பாண்டியம்மா சங்கதிக்கு வர்றேன். இத எழுதத்தான் ஒக்காந்தேன், இதுக்கு முன்னால சொன்னதெல்லாம் இதுக்குத்தான்.

பாண்டியம்மா சிவகங்கைப் பக்கத்துக்காரி. புருசன் தவறுனதுக்கப்பறம் மகளத் தன்னோட அண்ணன் ஊட்டுல விட்டுட்டு, இங்க கம்பெனி குடுத்த ரூம்ல தங்கி வேலை பாத்தா. என்ற லைன்ல கழுத்துப் பட்டி அடிக்கற பிளாட்லாக் அவளோடது. அவ அடிச்ச கழுத்த ஸ்கேல் வெச்சுப் பாத்தாலும் கோணல் இருக்காது. எந்த மாடலா இருந்தாலும் கழுத்துக்கு அவகிட்டத்தான் வந்தாகோணும். அதனால மாடல் மாத்தறப்ப எல்லாம் மத்தவங்க பத்து நிமிசம் சும்மா இருந்தா, இவ அரை மணி நேரம் மெஷினோட மல்லுக்கட்டுவா.

ஒரு புதன்கெழம காலைல அவளுக்குப் போன் வந்துச்சு. பேசிட்டு என்கிட்ட ஓடியாந்தா. சிரிக்கறா, கண்ணு ரெண்டும் நெறைஞ்சு நிக்குது. "எம்புள்ள பெரிய மனுசி ஆயிட்டாளாம்க்கா."

"அடிப்பாவி, அப்பறம் இங்க என்ன நிக்கற? இன்னைக்கே கெளம்பு"ன்னேன்.

"இல்லக்கா. இப்பப் போயிட்டா சடங்குக்கு விட மாட்டாக. பதினாறாம் நாளு, வியாழக்கெழம காலைல தண்ணி ஊத்துறாகளாம். அன்னைக்கு நான் நின்னாப் போதும்க்கா."

நானே அவளக் கூட்டிட்டு அவருகிட்டப் போனேன். மனுசனுக்கு எத்தன சந்தோசம்! அப்பவே ஆள் விட்டு ஸ்வீட் வாங்கியாரச் சொல்லி லைன் பூராக் குடுத்தாரு. "தாராளமாப் போய்ட்டு வா கண்ணு. லைனுக்கு வரப்போற மூணு மாடலையும் முடிச்சுக் குடுத்துரு. சடங்குக்கு மொத நாளு, புதன்கெழம பொழுதோட பஸ் ஏறிக்க. நாலு நாள் இருந்துட்டு வா." பாண்டியம்மா அவரு கால்ல விழப் போயிட்டா. அவரு பதறித் தூக்கி விட்டுட்டு போன எடுத்தாரு.

நான் ஒக்காந்து கட்டிங் டேபிள்ல கெடந்த காயிதத்துல கணக்குப் போட்டுப் பாத்தேன். மூணு மாடல். ஒவ்வொண்ணும் எங்க லைனுக்கு மூணு நாள் வேலை. வர்ற திங்கள்ல ஆரம்பிச்சா, ஞாயிறு போக, அதுக்கடுத்த வாரம் புதன் வரைக்கும் ஒம்பது நாள் இருக்குது. ஒண்ண முடிச்சுட்டு ஒண்ணு ஓட்டுனா, மொதல் மாடல் மொத வாரப் புதனே பேக்கிங்குக்குப் போயிரும். ரெண்டாவது சனிக்கெழம. மூணாவது அடுத்த புதன், அதோட பாண்டியம்மாவும் பஸ் ஏறிருவா. மூணையும் கலந்து ஓட்டுனா மொத வாரத்துல ஒண்ணுமே முடியாது. எல்லாமே கடைசி நாளுக்குத்தான் நிக்கும். மாத்தி மாத்தி நூல் கோக்கற நேரத்தையும் சேத்தா கடைசி நாளும் தாண்டிரும். மூணாவது ஆர்டர்காரனுக்கு எப்படி ஓட்டுனாலும் அதே நாள்தான், மொத ரெண்டு பேருக்குத்தான் முன்னாலயே கெடைக்கும். இதுல யாருக்கு என்ன நட்டம்? சின்னப் புள்ளைக்குக் கூடப் புரியும்.

அவருகிட்டக் காட்டுனேன். ரெண்டு போனையும் மேசை மேல வெச்சுட்டு முழுசாப் பாத்தாரு. எட்டு வருசத்துல அவரு ஒரு வேலைய முழுசாப் பண்ணி நான் பாத்தது அது ஒண்ணுதான். "அருமையாப் போட்டிருக்க அம்மிணி. இத பிரேம் போட்டு மாட்டோணும்"னாரு. போன்ல போட்டோ வேற எடுத்துக்கிட்டாரு.

"அப்ப இப்படியே ஓட்டட்டுங்களாண்ணா?"

"ஓட்டு ஓட்டு."

திங்கக்கெழம காலைல மொதல் மாடல ஏத்துனேன். பதினோரு மணிக்கு வேகம் எடுத்துச்சு. பதினொண்ணே காலுக்கு ஐயா போனோட ஓடி வர்றாரு. "அம்மிணி, அந்த மூணாவதுல ஒரே ஒரு கட்டு மட்டும் ஏத்திரு. ஆபீஸ்ல கேக்கறாங்க."

"அண்ணா, இப்பத்தானுங்க..."

"ஒரு கட்டுத்தான கண்ணு."

ஒரு கட்டு ஏறுச்சு. மத்தியானம் ரெண்டாவதுல ஒரு கட்டு. மறுநாள் மொதல்ல இருந்து அதே கூத்து. பாண்டியம்மா மெஷின்ல எத்தன தடவ நூல் மாத்தறாங்கன்னு அந்தக் காயிதத்துலயே கோடு போட்டேன். ஒரு நாளைக்கு ஆறு தடவ. ஆறு அரை மணின்னா மூணு மணி நேரம். தெனமும் மூணு மணி நேரம் அந்தப் பொம்பள தைக்கல, நூல் கோத்துட்டு இருந்தா. தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

வியாழக்கெழம சண்டைக்கே போயிட்டேன். "அண்ணா, ஒண்ண முடிக்க விடுங்க. முடிஞ்சாத்தான் அவ போக முடியும். நீங்க ஒண்ணையும் முடிய விட மாட்டேங்கறீங்க."

அவரு குரல ஒசத்தல. ஒசத்தவே மாட்டாரு. "நீ ஒரு லைனப் பாக்கற அம்மிணி. நான் மொத்தத்தையும் பாக்கறேன்"னு மெதுவாச் சொன்னாரு. அந்த மெதுவுலதான் எனக்குத் திகுதிகுன்னு எரிஞ்சுது. மொத்தத்தையும் பாக்கற மனுசனுக்கு அதுக்குள்ள ஒக்காந்திருக்கற ஒருத்தியத் தெரியலியே!

அடுத்த புதன்கெழம வந்துருச்சு. பாண்டியம்மா காலைலயே பையோட வந்தா. மகளுக்குச் செகப்புல ஒரு பட்டுப் பாவாட, ரெண்டு டசன் கண்ணாடி வளையல். வளையல் ஒடையாம இருக்க வேஸ்ட் துணி சுத்தி வெச்சிருந்தா. மூணு மணிக்கு நான் எண்ணிப் பாத்தேன். மொதல் மாடல்ல அறுவது பீஸ் பாக்கி, ரெண்டாவதுல நாப்பது, மூணாவதுல நூத்திச் சொச்சம். மூணும் முடியறாப்ல இருக்குது, ஒண்ணும் முடியல. ஆறரைக்குப் பஸ். பாண்டியம்மா தல நிமிராம அடிச்சுட்டு இருக்கறா.

நாலு மணிக்கு அவரு நாலாவது மாடலோட வர்றாரு.

"கழுத்து மட்டும் கண்ணு. அம்பதே பீஸ். நாளைக்கு மத்தியானம் அவங்க ஆள் நேர்ல பாக்க வர்றாங்க. லைன்ல ஏறிருச்சுன்னு சொல்லிட்டேன்."

"அண்ணே, ஆறரைக்குப் பஸ்ஸுண்ணே."

"பஸ்ல எதுக்குக் கண்ணு கஷ்டப்படற? இத அடிச்சுக் குடுத்துட்டு நல்லாத் தூங்கு. காலைல அஞ்சு மணிக்கு நம்ம கம்பெனிக் கார் வெச்சு அனுப்பறேன். தண்ணி ஊத்தறதுக்கு முன்னால போயி ஜம்முன்னு எறங்கு. உங்க ஊரே பாக்கட்டும்."

அவ என்னயப் பாத்தா. நான் என்ன சொல்லியிருக்கோணும்? "போடி, நான் பாத்துக்கறேன், பையத் தூக்கு"ன்னு சொல்லியிருக்கோணும். அவரு பேச்ச மீறிப் போனா திரும்பி வர்றப்ப மெஷினும் இருக்காது, ரூமும் இருக்காதுன்னு அவளுக்குப் பயம். எனக்கு என்ன பயம்? நான் சொன்னேன்: "கார்தான் தர்றேங்கறாரே. அடிச்சுக் குடுத்துட்டுப் போடி." இந்த வாயாலதான் சொன்னேன்.

காலைல அஞ்சு மணிக்குக் கார் வரல. ஆறுக்கு வரல. போன் போட்டா, "வந்துட்டே இருக்குது கண்ணு"ங்கறாரு. பொய்யில்ல, வந்துட்டேதான் இருந்துச்சு. பாக்க வர்ற ஆளக் கூட்டியார அதே கார மொதல்ல கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு அனுப்பியிருந்தாரு. போயிட்டு வந்து இவள ஏத்திக்கலாமாம். ஒரு கார், ரெண்டு வேலை! பிளேன் லேட்டு. கம்பெனி வாசல்ல பையோட நின்ன பாண்டியம்மா எட்டரைக்கு உள்ள வந்து பைய மெஷின் கால்ல சாச்சு வெச்சுட்டு ஒக்காந்தா. பத்தரைக்குத் தண்ணி ஊத்தறாங்க. இனி பறந்தாலும் போய்ச் சேர முடியாது. ராத்திரி அடிச்சது போக நாலாவது மாடல்ல மிச்சம் இருந்தத எடுத்து அடிக்க ஆரம்பிச்சுட்டா.

பத்து மணிக்கு அவரு வந்தாரு. மொகம் செத்துப் போயிருந்துச்சு, அதையும் சொல்லோணும். "தப்பாப் போச்சு கண்ணு, என்ற மேலதான் தப்பு"ன்னு கையப் புடிச்சுட்டாரு. எனக்கே ஒரு நிமிசம் மனசு எளகிருச்சு. அப்பத்தான் அந்த மூளைக்கு ஒரு யோசனை வந்துச்சு பாருங்க!

பாண்டியம்மா போன வாங்கி, அவ அண்ணனுக்கு வீடியோ கால் போட்டாரு. மெஷின் மேல நூல் கோன் நிக்கற கம்பி இருக்குதில்ல, அதுல போன வெச்சு டேப் சுத்தி ஒட்டுனாரு. அவரே ஒட்டுனாரு, கோணாம, பதமா. சாஞ்சிருக்குதான்னு குனிஞ்சு பாத்தாரு. "பாரு கண்ணு! உனக்கு லைவ். அங்க சடங்கு நடக்கட்டும், இங்க கழுத்து நடக்கட்டும். ரெண்டும் ஆச்சு."

சுத்தி நின்னவங்க ஆகா ஓகோன்னாங்க. ஒருத்தி கையே தட்டுனா.

நான் அவ பக்கத்துல நின்னேன். போன்ல மனைப் பலகை தெரியுது. புள்ளையக் கூட்டியாந்து ஒக்கார வைக்கறாங்க. பச்சைப் பாவாட, தல நெறையப் பூ. புள்ள நேரா போனப் பாக்குது. என்னமோ சொல்லுது. நாப்பது மெஷின் சத்தத்துல ஒரு எழவும் கேக்கல. மறுபடியும் சொல்லுது, கைய ஆட்டுது. பாண்டியம்மா தல நிமிரல. அடிச்சுட்டே இருக்கறா.

"ஏண்டி, புள்ள கூப்புடுதுடி. பாருடி"ன்னேன்.

"பாத்தாத் தையல் கோணிப் போகும்க்கா"ன்னா.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. நேராப் போயி லைனோட மெயின் சுவிட்ச்ச எறக்கீட்டேன். நாப்பது மெஷினும் ஒரே மூச்சுல அடங்குச்சு. அப்படி ஒரு அமைதிய அந்த ஹால்ல வேலை நேரத்துல யாருமே கேட்டதில்ல. அந்த அமைதில போன்ல இருந்து குலவைச் சத்தம் வந்துச்சு. சிவகங்கைப் பொம்பளைங்க போடற குலவை, ஹால் பூராக் கேட்டுச்சு. பாண்டியம்மா தல நிமிந்தா.

அதுக்குள்ள ஊத்தி முடிச்சிருந்தாங்க. புள்ளைய எழுப்பி உள்ள கூட்டிட்டுப் போறாங்க. நனைஞ்ச முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது. வாசப்படில அந்தப் புள்ள ஒரு தடவ திரும்பிப் பாத்துச்சு, அதுக்குள்ள யாரோ ஒரு அம்மா குறுக்கால வந்து மறைச்சுட்டாங்க.

அப்ப அவரு பையில போன் அடிச்சுது. எடுத்தாரு. அசையாத நாப்பது மெஷினுக்கு நடுவால நின்னுட்டு, "ஆமாங்க, ஓடிட்டு இருக்குதுங்க"ன்னாரு. என்னயப் பாத்தாரு. போனக் கையால மூடிக்கிட்டு, "சுவிட்ச்சப் போடு கண்ணு"ன்னு கெஞ்சறாப்ல சொன்னாரு.

அடிக்கோணும்னு வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. சுவிட்ச்சு மேல இருந்து நான் கைய எடுக்கல.

பாண்டியம்மா எந்திரிச்சு நின்னு, கம்பில சுத்தியிருந்த டேப்ப நகத்தால பிரிச்சா. போன அணைச்சுப் பையில போட்டா, அந்தச் செகப்புப் பாவாட மேலயே. மறுபடி ஒக்காந்து, பாதி அடிச்ச கழுத்த ஊசிக்கு அடியில நேரா வெச்சுக்கிட்டா.

"அக்கா, சுவிட்ச்சப் போடுங்க. இன்னும் இருவது பீஸ் இருக்கு"ன்னா. என் மொகத்தப் பாக்காமத்தான் சொன்னா. ஒம்பது நாளா நான் நின்ன எடத்துல இருந்து அந்த சுவிட்ச்சு பத்தடி தூரங்கூட இல்ல. அதுல கை வெக்க எனக்குக் குலவை போடற நேரம் வரைக்கும் ஆயிருக்குது.

போட்டு விட்டேன். வேற யாருமில்ல, நானேதான் போட்டு விட்டேன்.